அந்தோணியார் துண்டு

தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோணியார் என்று எல்லாருக்கும் தெரியும். அவராலேயே ஒன்று தொலைந்தது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? எனக்குத் தொலைந்தது. பட்டப்பகலில், பினாங்கு ஃபெரியில், என் மூக்குக்குக் கீழேயே தொலைந்தது.

எல்லாம் ஒரு துண்டால் வந்த வினை. எங்கள் கோவில் திருவிழாவில் வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மஞ்சள் துண்டு கொடுத்தார்கள். நல்ல கெட்டித் துண்டுதான். ஆனால் நட்ட நடுவில், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோணியார் படத்தை அச்சடித்து வைத்துவிட்டார்கள். எந்தப் புண்ணியவானின் யோசனையோ! அந்தோணியாரை வைத்து முதுகைத் துடைக்க முடியுமா? தூக்கிப் போடத்தான் மனசு வருமா? எல்லார் வீட்டு அலமாரியிலும் அது மடித்தபடியே கிடந்தது. நான் மட்டும்தான் அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். என் நாய் கோப்பியின் பெட்டிக்கு அதைப் போர்வையாக்கினேன்.

என் பெயர் பிரிஸில்லா. கெலுகோரில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் கடிதமும் கணக்கும் எழுதும் கிராணி வேலை. கல்யாணம் காட்சி எதுவும் இல்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் வேண்டாம். கோப்பிதான் எனக்குப் பிள்ளை. கடுங்காப்பி நிறத்தில், உருண்டு திரண்டு, நான்கு வயதுப் பெட்டை. வேலை முடிந்து நான் மாடிப்படியில் கால் வைத்தவுடனே கதவுக்குப் பின்னால் குதிக்க ஆரம்பித்துவிடும். எனக்காக இந்த உலகத்தில் குதிக்கிற ஒரே ஜீவன் அதுதான்.

வீட்டுக்குப் புதுச் சாயம் அடிக்க ஆள் வருவதாக இருந்தது. அந்த வாடை நாய்க்கு ஆகாது. அதனால் அக்கரையில், பாகான் டாலாமில் இருக்கும் என் அக்கா ஜோவான் வீட்டுக்கு அதைக் கொண்டுபோக முடிவு செய்தேன். என் காடி அந்த நேரம் பார்த்து எஞ்சின் கெட்டு வொர்க்‌ஷாப்பில் படுத்துவிட்டது. வாடகைக் காடிக்காரர்கள் நாய் என்று கேட்டதும் வரமாட்டேன் என்று வெட்டிவிட்டார்கள். சரி, ஃபெரி இருக்கிறதே என்று கிளம்பினேன். தரை ஆடினால் கோப்பி ஊளையிடும். அதற்காக மருத்துவர் கொடுத்திருந்த மாத்திரையைக் கொடுத்ததும் பெட்டிக்குள் சுருண்டு தூங்கிவிட்டது. பெட்டியைக் காய்கறி வாங்கும் பாசார் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டி, அந்தோணியாரைப் போர்த்தி, படகுத்துறை ஜெட்டிக்கு வந்து சேர்ந்தேன்.

ஃபெரியில் ஏறும் இடத்தில் நின்ற ஹஸ்ருல் என்ற பையன் நல்ல மாதிரி. பெட்டியைக் குனிந்து பார்த்தான்.

"ஆன்ட்டி, துணியை நல்லா மூடிக்கிங்க. பின்னால ஓரமா வச்சிட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல" என்று மலாயில் மரியாதையாகச் சொன்னான்.

அதில் தப்பொன்றும் இல்லை. ஃபெரியில் தொழுகைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். நாய் எச்சில் பட்டால் அவர்களுக்குச் சங்கடம். இத்தனை காலம் ஒன்றாக இருக்கிறோம், இதுகூடத் தெரியாதா? துண்டை நாலு பக்கமும் இழுத்துச் செருகி, பின்பக்கக் கம்பியோரம் கொண்டு போனேன்.

அங்கே ஏற்கெனவே இதே மாதிரி ஒரு தள்ளுவண்டி நின்றது. அதன்மேல் என்னுடையதைப் போலவே சாம்பல் நிறப் பெட்டி. பெட்டியின்மேல் மஞ்சள் துண்டு. துண்டின்மேல் அந்தோணியார்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, நீங்களுமா? எந்தக் கோவில்ணே?" என்று கேட்டேன்.

பக்கத்தில் நின்றவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தார். நெற்றியில் திருநீறு. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நான் முருகன் கோயில்காரன்மா. ஆனா செவ்வாக்கெழமையானா அந்தோணியார்கிட்டயும் ஒரு மெழுகுவத்தி ஏத்திருவேன். அங்க குடுத்ததுதான். பேரு நல்லமுத்து."

"உள்ள நாய்தானே? அதுக்கு என்ன?"

"பேரு பூச்சி. கிட்னி போச்சும்மா. ரெண்டும் போச்சு. பதினாலு வயசு."

"மருந்துக்குக் கொண்டு போறீங்களா?"

அவர் கடலைப் பார்த்தார். "கடைசி ஊசிக்கு" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. ஃபெரி கிளம்பிவிட்டது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"புக்கிட் தெங்காவுல, நான் வேல செய்ற ஃபேக்டரிக்கு எதுத்த வரிசையில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. ரெண்டு தடவ கொண்டு போயிட்டேன். ரெண்டு தடவையும் கடைசி நேரத்துல துணியத் தூக்கி அவன் மொகத்தப் பாத்தேன். பாத்துட்டு எப்படிம்மா விட்டுட்டு வர்றது? திருப்பிக் கொண்டு வந்துட்டேன். இந்தத் தடவ வீட்டுல தனம் கண்டிஷனா சொல்லிட்டா. மொகத்தப் பாக்கக்கூடாது. துணியத் தூக்கக்கூடாது. பெட்டிய அப்படியே டாக்டர் கையில குடுத்துட்டு வெளிய வந்து ஒக்காந்துரணும்னு."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

"என்னண்ணே இது அநியாயம்! பதினாலு வருஷம் உங்க வாசலக் காத்த ஜீவன். மொகத்தக்கூடப் பாக்காம பார்சல் மாதிரி குடுத்துட்டு வருவீங்களா? வயசானா நம்மளையும் பிள்ளைங்க இப்படித்தான் பெட்டில போட்டுக் கொண்டு போகணுமா? எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்தார். அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. அதற்குள் ஹஸ்ருல் வந்து, சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி வருவதற்கு வழி வேண்டும் என்று இரண்டு வண்டிகளையும் அந்தப் பக்கம் இழுத்து ஒதுக்கி வைத்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கரைப் பட்டர்வொர்த் வந்ததும், "வர்றேன்" என்றுகூடச் சொல்லாமல், என் பக்கம் நின்ற வண்டியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு நடந்தேன். வண்டி கொஞ்சம் லேசாகத்தான் வந்தது. கோபத்தில் இழுக்கிறேன், அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா காடியோடு காத்திருந்தாள். பின்சீட்டில் பெட்டியை ஏற்றியதும் மூக்கைப் பிடித்தாள்.

"என்னடி இது, இந்த நாத்தம் நாறுது?"

"கடல் ஆடுச்சுல்ல, வாந்தி எடுத்திருக்கும் லா. வீட்டுக்குப் போய்க் கழுவிக்கலாம்."

அவள் வீட்டுக் கூடத்தில் பெட்டியை இறக்கி வைத்து, "வாடி என் செல்லம்" என்று கொஞ்சிக்கொண்டே துண்டை எடுத்தேன்.

உள்ளேயிருந்து ஒரு கிழட்டு முகம் என் பக்கம் திரும்பியது.

மோவாயெல்லாம் நரைத்து, இரண்டு கண்ணிலும் பால் படர்ந்து, எலும்பும் தோலுமாக ஒரு கறுப்பு நாய். நான் பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிஷம் என் புத்தி வேலையே செய்யவில்லை. என்ன நினைத்தேன் தெரியுமா? மாத்திரை கோப்பியை இப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்தேன்! அந்த அளவுக்குக் கலங்கிப் போனேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாக மண்டையில் ஏறியது. இது பூச்சி. அப்படியானால் கோப்பி அந்த ஆளிடம். அந்த ஆள் போவது புக்கிட் தெங்காவுக்கு. எதற்கு? ஊசிக்கு.

துணியைத் தூக்கமாட்டார். முகத்தைப் பார்க்கமாட்டார். கோப்பியோ மாத்திரை மயக்கத்தில் செத்த பிணம் போலக் கிடக்கிறது. குரைத்துக்கூடக் காட்டாது.

"அக்கா! என் பிள்ளையக் கொல்லப் போறாங்கக்கா!" என்று நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா ஜோவான் என்னைப் போல இல்லை, நிதானமானவள். நான் அழுதுகொண்டே சொன்னதை அரையும் குறையுமாகக் கேட்டுவிட்டு, சாவியை எடுத்தாள். "பெட்டியத் தூக்கு. போற வழியில பேசிக்கலாம்."

பூச்சிக்குப் பெட்டிக்குள் மூச்சு முட்டியது. துண்டோடு அதை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா ஓட்டினாள். நான் போனில் தேடினேன். அந்தப் பக்கம் இரண்டு நாய் மருத்துவர்களைக் காட்டியது. முதல் இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. இரண்டாம் இடத்தில் எடுத்த பெண், நல்லமுத்து என்று யாரும் இன்றைக்கு வரவில்லை என்றாள். அப்படியானால் எடுக்காத அந்த முதல் இடம்தான். மறுபடி அடித்தேன். மறுபடி மறுபடி அடித்தேன். போன் கைநழுவிக் காலடியில் விழுந்தது.

சாலையில் லாரியாக நின்றது. "அலாமாக், இன்னிக்குத்தானா ஜாம்!" என்று அக்கா ஸ்டியரிங்கைக் குத்தினாள்.

நான் துண்டிலிருந்த அந்தோணியாரைப் பிடித்துக்கொண்டேன். வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை, சண்டைதான் வந்தது. "நீர் காப்பாத்துவீர்னுதானே உம்மப் போர்த்தினேன்? நீரே மாத்தி விட்டுட்டீரே! என் நாயக் குடுத்துடும். இல்லன்னா உம் பக்கம் இனி வரவே மாட்டேன், சொல்லிட்டேன்."

ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் பூச்சி முனகியது. சத்தம் என்று சொல்ல முடியாது. காற்றுப்போல ஒரு முனகல். என் மடி ஈரமானது. பார்த்தேன், மூத்திரத்தில் ரத்தம். தலையைத் தூக்கப் பார்க்கும், முடியாமல் என் கையில் போட்டுவிடும். வாயில் தண்ணீர் விட்டால் வெளியே வழிந்தது. ஃபெரியில் அந்த மனிதரை நான் கேட்ட கேள்வியெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் அப்போது எனக்கு வருத்தப்பட நேரமில்லை. என் நெஞ்சில் கோப்பி மட்டும்தான் இருந்தது.

தொழிற்சாலைக்கு எதிரே கடை வரிசை. ஒரு கண்ணாடிக் கதவில் நாய் படம். அதற்கு முன்னால் நடைபாதையில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நல்லமுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் தள்ளுவண்டி காலியாக நின்றது.

பூச்சியை அக்கா மடிக்கு மாற்றிவிட்டு ஓடினேன்.

"அண்ணே! நாய் எங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிய நேரமாயிற்று. முகமெல்லாம் கண்ணீர்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. தெருவில் லாரி போகிறது, சத்தம் கேட்கவில்லை. அவர் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு பெண் குறுக்கே வந்தாள், அவளையும் தள்ளினேன். உள்கதவைத் திறந்தேன்.

இரும்பு மேஜையில் கோப்பி கிடந்தது. கால் நான்கும் நீட்டிக்கொண்டு, நாக்கு வெளியே தொங்க, கண் பாதி திறந்தபடி. முன்னங்காலில் ஒரு பட்டை முடியை வழித்திருந்தார்கள். பக்கத்துத் தட்டில் ஊசி.

"அது என் நாய்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "கொன்னுட்டீங்களே! பாவிங்களா, என் நாயக் கொன்னுட்டீங்களே!"

டாக்டரம்மா பேர் நவமணி என்று பிறகு தெரிந்தது. அவர் முகமும் வெளுத்துப் போயிருந்தது. இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார்.

"இல்ல, இல்ல. உயிரோட இருக்கு. மயக்க ஊசி மட்டும்தான் போட்டேன். வயித்துல கை வச்சுப் பாருங்க."

வைத்தேன். சூடாக இருந்தது. ஏறி இறங்கியது. நான் அப்படியே மேஜைமேல் சாய்ந்து கோப்பியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"அந்த அங்கிள் ரெண்டு தடவ வந்து மனசு மாறித் திரும்பிப் போயிட்டாரு" என்றார் டாக்டர் நவமணி. அவருக்கும் பேச்சுத் தடுமாறியது. "இந்தத் தடவையும் மாறிடக் கூடாதுன்னு, பெட்டிக்குள்ளயே கைய விட்டு மயக்க ஊசியப் போட்டுட்டேன். பூச்சிய நான் நேர்ல பாத்ததில்ல, உருண்டையா இருந்தது கிட்னி வீக்கம்னு நெனச்சேன். வெளிய எடுத்து, கால்ல முடி வழிச்சு, நரம்பு தேடத் திருப்பினா... பெட்டை நாய். கார்டுல பூச்சி ஆண்னு இருக்கே. அப்படியே ஊசியக் கீழ வச்சிட்டேன். அவரக் கூப்பிடச் சொல்லி வாய் திறக்கிறேன், நீங்க வந்துட்டீங்க. திருப்பாம மட்டும் இருந்திருந்தா..." அவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

தட்டிலிருந்த ஊசியைப் பார்த்தேன். மருந்து நிரப்பித் தயாராக இருந்தது. அதைப் பார்த்தவுடன் பயம் போய் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. விறுவிறுவென்று வெளியே வந்தேன்.

"யோவ்!" என்றேன். அண்ணனாவது தம்பியாவது! "யாரோட நாயக் கொண்டு வந்து குடுத்திருக்கீங்க? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ துணியத் தூக்கிப் பாத்திருந்தா? உள்ள கெடக்கிறது என் கோப்பி!"

நல்லமுத்து எழுந்தார். காதைப் பொத்திய கை இன்னும் அப்படியே இருந்தது.

"அப்ப... உள்ள இருக்கிறது பூச்சி இல்லையா?"

"இல்ல!"

"பூச்சி எங்கம்மா?"

"காடில, எங்கக்கா மடில."

"உயிரோடயா?"

அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் முகம் போன போக்கை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். மனிதர் காடியை நோக்கி ஓடினார். ஆனால் கதவருகே போனதும் நின்றுவிட்டார். துண்டு மூடிய மூட்டையாகப் பூச்சி அக்கா மடியில் இருந்தது. துண்டைத் தொடாமல், மேலாக மட்டும் தடவினார்.

"அந்தோணியார்தாம்மா மாத்தி விட்டிருக்காரு" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அழுகையும் சிரிப்புமாக இருந்தது. "இவன் சாக வேணாம்னு அவரு சொல்றாரு. போதும்மா. நான் வீட்டுக்கே கொண்டு போயிடுறேன். தனம் என்ன திட்டினாலும் சரி."

காலையில் கேட்டிருந்தால் நான் கைதட்டி இருப்பேன். இப்போது என் பாவாடையில் பூச்சியின் ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"கொண்டு போகாதீங்கண்ணே" என்றேன். "ஃபெரில நான் பேசினது ஒண்ணும் தெரியாமப் பேசினது. வழியெல்லாம் இவன் பட்ட பாட்டப் பாத்துட்டேன். தண்ணிகூட எறங்கல. வீட்டுக்குக் கொண்டு போனா உங்களுக்குத்தான் ஆறுதல், இவனுக்கு நரகம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப பெட்டிய எடுங்கம்மா. வச்சுக் குடுத்துடறேன்" என்றார்.

எனக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது.

"திரும்பவும் பெட்டியா? பாத்தா மனசு மாறிடும்னு பயந்து பாக்காமலேயே என் பிள்ளையக் கொல்ல இருந்தீங்க. பெட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். துணியத் தூக்குங்க. மொகத்தப் பாருங்க. பாத்துக்கிட்டே கூட இருங்க. நான் வர்றேன் உங்ககூட."

அவர் கை துண்டின் ஓரம் வரைக்கும் வந்து நின்றது. அப்புறம் அந்தோணியாரை மெதுவாக மடித்து விலக்கினார்.

பூச்சியின் பால் படர்ந்த கண் எங்கோ பார்த்தது. மூக்கு மட்டும் ஆடியது. வாசம் பிடித்துவிட்டது. அவ்வளவு நேரம் தலையைத் தூக்க முடியாமல் கிடந்த நாயின் வால் அக்காவின் முழங்காலில் தட்டத் தொடங்கியது. லேசாகத்தான், ஆனால் விடாமல் தட்டியது.

"வந்துட்டேன்டா" என்றார் நல்லமுத்து. "அப்பா வந்துட்டேன்டா."

அவரே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். டாக்டர் நவமணி எதையும் அவசரப்படுத்தவில்லை. மேஜையின் ஒரு பக்கம் நான் கோப்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். இன்னொரு பக்கம் அவர் பூச்சியின் தலையை இரண்டு கையிலும் ஏந்தி, முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடவில்லை. கடைசியில் அந்த மஞ்சள் துண்டிலேயே பூச்சியைச் சுற்றினோம்.

வெளியே வந்து உட்கார்ந்ததும் அவர் போன் அடித்தது. சத்தமாக வைத்துப் பேசுகிற பழக்கம் போலிருக்கிறது, எங்களுக்கும் கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றது ஒரு பெண் குரல்.

"முடிஞ்சிருச்சு தனம்."

"நான் சொன்ன மாதிரி மொகத்தப் பாக்காமதான குடுத்தீங்க?"

"இல்ல. பாத்தேன். கடைசி வரைக்கும் பாத்தேன்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அந்த அம்மா மெல்லக் கேட்டார்.

"அவன் உங்களப் பாத்தானா?"

"கண்ணுதான் தெரியாதே, தனம். வால ஆட்டுனான்."